கட்டுகிறவனின் அமானிதம்

 

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை அறியாதவர் இவ்வூர் வாசகர்களில் எவரும் இரார். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே மீனும் காய்கறியும் பூவும் தானியமும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் சந்தை அது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கிராண்ட் பஜார் என்றும், பின்னர் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்றும் ஏட்டில் எழுதினாலும், நம் வீட்டுப் பெண்கள் இன்றுவரை பெரிய மார்க்கெட் என்றே சொல்வார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கப் போயிருந்தோம். பைக்குள் சங்கரா மீன் ஏறி, கைக்குட்டையால் நாம் கையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், "ஹஸ்ரத், ஸலாம்" என்று ஒரு குரல்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர். சிறு வயதில் நம்மிடம் மக்தபில் ஓதியவர். சிவில் இன்ஜினியரிங் முடித்து, ஒரு கட்டிடக் காண்ட்ராக்டரிடம் இரண்டு ஆண்டுகளாகச் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறார். அவருடைய அனுமதியைப் பெற்றே இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம். மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்யாத கட்டிடங்களைக் கட்டுவது பற்றிய மேற்படிப்பு ஒன்றில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். அதற்கு, இத்துறையில் தலைமை ஏற்பவன் என்ற முறையில் தம்முடைய கொள்கை என்ன என்பதை இரண்டு பக்கத்தில் எழுதித் தரவேண்டுமாம். வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதமும் வேண்டுமாம்.

"எழுதிவிட்டேன் ஹஸ்ரத். மேலே போடுவதற்குப் பொருத்தமாக ஓர் ஆயத்து மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

டீக்கடை ஓரமாக நின்று, ஆங்கிலத்தில் இருந்ததை அவரே வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்டோம். நல்ல பிள்ளை, நல்ல எண்ணங்கள். சூரிய ஒளி மின்சாரம், மழைநீர் சேமிப்பு, சிமெண்டைக் குறைத்தல், மரங்களை வெட்டாதிருத்தல் என எல்லாம் இருந்தன. ஆயினும் ஒன்று நம் காதை உறுத்தியது. நான் முன்னின்று நடத்துவேன், நான் மாற்றிக் காட்டுவேன், நான் வழிகாட்டுவேன் என்று இரண்டு பக்கமும் ஒரே நான். கல் சுமக்கும் சித்தாள் அதில் ஓரிடத்திலும் இல்லை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவரும் இல்லை.

ஆயத்தை யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். யோசிக்க யோசிக்க, அது ஓர் ஆயத்தோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். தலைமையைத் தானாகக் கேட்டுப் பெறாதே, கேட்டுப் பெற்றால் அதன் பாரத்தோடு நீ தனியே விடப்படுவாய் என்று அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியது ஸஹீஹான ஹதீது. அப்படியிருக்க, நான் தலைவனாவேன் என்று ஒரு முஸ்லிம் வாலிபர் விண்ணப்பம் எழுதலாமா? எழுதலாம் என்பதற்கு யூஸுப் (அலை) அவர்களின் வரலாறே சான்று. மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பை அவர்களே முன்வந்து கேட்டார்கள். ஆனால் எதைச் சொல்லிக் கேட்டார்கள்? தம் அழகையோ குலத்தையோ சொல்லவில்லை. தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், அந்த வேலையை அறிந்தவர் என்ற இரண்டை மட்டுமே சொன்னார்கள். காத்தலும் அறிதலும்! பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்து ஏழாண்டு தானியத்தைக் கதிரோடு சேமித்தார்கள் அல்லவா? வரப்போகும் காலத்துக்காக இன்றைக்குக் கையைச் சுருக்கிக்கொள்வதை இக்காலத்தார் பெரிய புதுக் கல்வியாகப் பேசுகிறார்கள். திருமறையில் அது ஒரு நபியின் உத்தியோகமாகவே இருக்கிறது.

அடுத்து, இஸ்லாத்தின் முதல் பெரிய கட்டிட வேலையைப் பார்ப்போம். மதீனாவுக்கு வந்தவுடன் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசல் கட்ட நிலம் பார்த்தார்கள். பேரீச்சங்கனி உலர்த்தும் களம் அது. இரண்டு அனாதைச் சிறுவர்களுக்கு உரியது. இலவசமாகத் தருகிறோம் என்று அப்பிள்ளைகள் சொன்னபோதும் பெருமானார் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். அல்லாஹ்வின் வீடு என்பதற்காகக்கூட அனாதையின் ஒரு முழ நிலம் விலையின்றி வரக்கூடாது. அஸ்திவாரத்துக்கு முன்னால் போடப்படும் அஸ்திவாரம் இது.

பிறகு வேலை தொடங்கியது. அங்கே கிடைத்த மண்ணால் அறுத்து வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல், பேரீச்ச மரத்தின் அடிமரமே தூண், அதன் மட்டையே கூரை. தொலைதூரத்திலிருந்து எதுவும் வரவில்லை. தோழர்கள் ஆளுக்கு ஒரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். நாயகம் (ஸல்) அவர்களும் தம் திருக்கரத்தால் செங்கல் சுமந்தார்கள். நிழலில் உட்கார்ந்து ஏவிக்கொண்டிருந்தாலும் அன்று ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உயிரையே தரக் காத்திருந்த கூட்டம் அது. இருந்தும் சுமந்தார்கள்.

அந்த வேலையின்போதே யமாமாவிலிருந்து தல்க் பின் அலீ (ரலி) என்பவர் வந்து சேர்ந்தார். மண் குழைப்பதில் கைதேர்ந்தவர். குழைக்கும் வேலையை அவரிடமே விடுங்கள், உங்களில் அதை நன்கு அறிந்தவர் அவரே என்று பெருமானார் சொன்னதாக ஹதீது நூல்களில் வருகிறது. நேற்று வந்த வெளியூர்க்காரர். ஆனாலும் சேறு குழைப்பதில் இன்று அவரே உஸ்தாத். எந்த வேலை எவருக்குத் தெரியும் என்று கண்டு, அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பது தலைமையின் பாதி என்று நமக்குத் தோன்றுகிறது. இன்று எத்தனை இன்ஜினியர்கள் முப்பது வருடம் கரண்டி பிடித்த கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்கள்?

பச்சை மண்ணே சுன்னத்து, சிமெண்டு பித்அத்து என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணிவிட வேண்டாம்! மழை பெய்தால் அக்கூரை ஒழுகியது. ரமளானின் ஓர் இரவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஈர மண்ணில் ஸஜ்தாச் செய்து, திருநெற்றியில் சேறு படிந்திருந்ததைத் தோழர்கள் கண்டிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் அதைப் பழைய முறையிலேயே விரிவாக்கினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லாலும் சுண்ணத்தாலும் கட்டித் தேக்கில் கூரை போட்டார்கள். பொருள் காலத்துக்குக் காலம் மாறும். உமர் (ரலி) அவர்கள் தம் வேலையாளுக்குச் சொன்ன உத்தரவுதான் மாறாதது: மக்களை மழையிலிருந்து காப்பாற்று, சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் கலைக்காதே. ஒரு கட்டிடம் எதற்காக என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த இன்ஜினியரும் எழுத முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் உள்ள பழைய வீடுகளில் சித்திரை வெயிலில் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவே முற்றம், வாசலில் திண்ணை. மேலே மெட்ராஸ் டெரஸ் என்னும் மாடி: தேக்குச் சட்டங்களின் மீது சிறு செங்கல்லைப் படுக்கவிடாமல் ஓரமாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் பதித்துக் கட்டியது. அந்தச் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பக்குவப்படுத்துவார்கள். அதே தெருவில் புதிதாக எழும்பிய கான்கிரீட் வீட்டில் மாலை மக்ரிபுக்குப் பிறகும் சுவர் அனலைக் கக்குகிறது. கரண்ட் பில்லைப் பார்த்தால் வீட்டுக்காரர் அனலைக் கக்குகிறார்.

சிமெண்டின் கதை என்ன? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறக்குறைய 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து புகை வருவது ஒருபுறம். அந்தக் கல்லே வெந்து கரியமில வாயுவை வெளிவிடுவது மறுபுறம். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டினால் மட்டும் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பையும் சுட்டுத்தான் எடுக்கிறோம். ஆனால் அதற்குக் குறைந்த வெப்பம் போதும், சுவரில் இறுகும்போது விட்ட வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சவும் செய்கிறது. சிமெண்டிலேயே சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக் கல்லும் கலந்து இக்கேட்டைக் குறைக்கும் ஒரு வகையைச் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிலையங்களின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய மண் கட்டிட நிலையம், ஐந்து சதவீத அளவு சிமெண்டு மட்டும் சேர்த்து மண்ணை அழுத்தி, சூளையில் சுடாமல் நீர் தெளித்துப் பதமாக்கிய கற்களால் கட்டிக் காட்டியது. அங்குள்ள வருகையாளர் மையத்துக்கு 1992இல் ஒரு விருது கிடைத்தது. விருதின் பெயர், ஏழைகளுக்கான கட்டிடக்கலைக்கான ஹஸன் ஃபத்ஹீ விருது.

யார் இந்த ஹஸன் ஃபத்ஹீ? இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வாலிபருக்கு வேண்டிய பாடம் இவரது வெற்றியில் பாதி, தோல்வியில் பாதியாக இருக்கிறது.

1900ஆம் ஆண்டு மிஸ்ரு நாட்டின் இஸ்கந்தரிய்யாவில் பிறந்தவர். ஏழைக் குடியானவனுக்குக் காசில்லாமல் வீடு கட்ட வழி உண்டா என்று தேடினார். சுவருக்கு மண் போதும். கூரைக்கு மரம் வேண்டும், அந்நாட்டில் மரத்துக்கு விலை அதிகம். மண்ணாலேயே வளைகூரை போட முயன்றார்; கட்டியது இடிந்து விழுந்தது. அப்போதுதான் அஸ்வானில் வேலையில் இருந்த அவருடைய சகோதரர், இங்குள்ள நூபியர்கள் முட்டுக் கொடுக்காமலே மண்ணால் வளைகூரை கட்டுகிறார்களே என்று சொன்னார். படித்த ஆர்க்கிடெக்டு புறப்பட்டுப் போய் அந்தக் கிராமத்துக் கொத்தனார்களின் முன் மாணவரைப் போல நின்றார். பின்சுவரில் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு வளையமாக அவர்கள் கல்லை ஒட்டிக்கொண்டே வருவதைக் கண்டார். காலேஜில் கிடைக்காத வித்தை அங்கே கிடைத்தது. தல்க் (ரலி) அவர்களை மண் குழைக்க விட்ட சுன்னத்து நமக்கு நினைவுக்கு வருகிறது.

அதன்பின் அரசாங்கம் அவரிடம் ஒரு முழுக் கிராமத்தையே ஒப்படைத்தது. லுக்ஸருக்கு எதிர்க்கரையில் குர்னா என்னும் ஊர். மக்கள் பழைய ஃபிர்அவ்ன் காலப் பிரபுக்களின் கல்லறைகள் மீதே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களை அங்கிருந்து எழுப்பிக் கீழே புதிய ஊருக்குக் கொண்டு வரவேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. 1940களின் நடுவில் வேலை தொடங்கிற்று. பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், முற்றமுள்ள வீடுகள் எல்லாம் மண்ணால், அழகாக எழுந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வரைந்தார் என்பார்கள். ஆனால் ஊர் மக்கள் வர மறுத்தார்கள். அவர்கள் பிழைப்பும் பரம்பரையும் மேலே இருந்தன. போகிறாயா என்று முதலில் அவர்களை எவரும் கேட்கவில்லை. ஒரு முறை எவரோ கரையை வெட்டிப் புதிய ஊருக்குள் தண்ணீரையே விட்டார்கள். 1948இல் வேலை நின்றது. திட்டமிட்டதில் ஒரு சிறு பகுதிதான் முடிந்திருந்தது.

தம் தோல்வியை அவர் மறைக்கவில்லை. அதை அப்படியே ஒரு புத்தகமாக எழுதினார். 1973இல் ஏழைகளுக்கான கட்டிடக்கலை என்ற பொருள்படும் பெயரில் அமெரிக்காவில் வெளிவந்த அந்தப் புத்தகந்தான் அவரை உலகறியச் செய்தது. 1980இல் ஆகாகான் கட்டிடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்குத் தரப்பட்டது. நான் இதைச் சாதித்தேன் என்பதைவிட, இங்கே நாங்கள் தவறினோம் என்று எழுதிய பக்கங்களுக்கே அதிகம் மாணவர்கள் கிடைத்தார்கள்.

இதைப் படித்ததும் நமக்கு மறுபடியும் பெரிய மார்க்கெட்தான் கண்முன் வந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் பழைய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அரசு முன்வந்ததையும், வியாபாரிகள் கடையடைத்து எதிர்த்ததையும் புதுச்சேரியில் எவரும் மறக்கவில்லை. புதுக்கட்டிடமே வேண்டாம் என்பதல்ல அவர்கள் பேச்சு. எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்றாதீர்கள், பகுதி பகுதியாகச் செய்யுங்கள் என்றே பலர் கேட்டார்கள். ஒழுகும் கூரையும் தேங்கும் கழிவுநீரும் அங்கே இருப்பதை மீன் வாங்கப் போகிற நாமே பார்க்கிறோம். சீர்திருத்தம் வேண்டாம் என்று எவன் சொல்வான்? கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடற்கரையில் இருந்த மேரி கட்டிடமே பாடம்: பிரெஞ்சுக்காரர் கட்டிய அந்த நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, திரும்பக் கட்டி 2021இல்தான் திறந்தார்கள். ஆனால் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு மீன் விற்கிற அந்த அம்மாளுக்கு, வரைபடத்தில் எத்தனை அடி இடம், எத்தனை மாதம் வெளியே, திரும்ப வரும்போது அதே இடமா என்ற மூன்று கேள்விகள் இருக்கின்றன. பதிலை வைத்துக்கொண்டு இடிக்கப் போகிறவன் தலைவன். பதிலில்லாமல் போகிறவன் கையில் இருப்பது புல்டோசர் மட்டுமே.

பள்ளிவாசலை விரிவாக்க அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்களாலும் அதை வற்புறுத்தி எடுக்க முடியவில்லை. வழக்கு உபை பின் கஃபு (ரலி) அவர்களிடம் போயிற்று. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. தீர்ப்பு கிடைத்த பிறகுதான் அப்பாஸ் (ரலி) அவர்கள் மனமுவந்து தாமாகவே கொடுத்தார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம். கேட்டுப் பெறுவதற்கும் பறித்துப் பெறுவதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

இப்படியெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, வாலிபர் வந்தால் ஒரு நல்ல பயானாகவே செய்துவிடலாம் என்று நாம் தயாராக இருந்தோம். புதன்கிழமை இஷாவுக்குப் பிறகு வந்தார். முகம் சரியில்லை. எல்லோரும் போகும்வரை ஹவுஸ் இருந்த இடத்தருகே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

அவர் பார்க்கும் கட்டிடத்தின் முன்னால் பசுமைக் கட்டிடம் என்று பெரிய போர்டு இருக்கிறது. அங்கே வேலை செய்யும் கொத்தனார், சித்தாள் இருபத்திரண்டு பேருக்கு மூன்று வாரமாகக் கூலி வரவில்லை. சனிக்கிழமைதோறும், அடுத்த சனிக்கிழமை நிச்சயம் என்று சொல்லி அனுப்புவது இவர் வேலை. சொல்லும்போதே பணம் வராது என்று இவருக்குத் தெரியும். அதைவிட மோசம்: முதல் வாரக் கூலியைப் பெற்றுக்கொண்டதாக, பணம் கொடுக்காமலே பதிவேட்டில் அவர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவிட்டார். முதலாளி சொன்னார், செய்துவிட்டார். அவர்களும் இந்தத் தம்பி நம்ம தம்பிதானே என்று போட்டுவிட்டார்கள்.

"நான் முதலாளி இல்லையே ஹஸ்ரத். பணம் என் கையில் இல்லை. நற்சான்றுக் கடிதம் வேறு அவர் கையில் இருக்கிறது. என் மேல் என்ன குற்றம்?"

சகோதரர்களே! இது மஸ்அலாக் கேள்வி, மழுப்பக்கூடாது. கடன் முதலாளியுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் சூப்பர்வைசர் என்பவர் முதலாளியின் வகீல். வகீல் தன் வாயால் சொன்ன பொய் வகீலுடையதே. பொய்யான பதிவேட்டுக்கு அவர் கைப்பட்ட சாட்சியும் அவருடையதே. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர், உங்கள் பொறுப்பில் உள்ளவற்றைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற பொருளில் வரும் பிரபலமான ஹதீதில், எஜமானனுடைய பொருளுக்குப் பொறுப்பான ஊழியனும் சேர்த்தே சொல்லப்படுகிறான். மற்றொரு ஹதீது குத்ஸியில், மறுமையில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் எச்சரிப்பதாக வருகிறது; மூன்றாமவன், கூலியாளிடம் முழு வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். வாதி அல்லாஹ்வாக இருக்கும் வழக்கில் எந்த வக்கீலை வைப்பது?

இத்தனை கடுமையாகச் சொன்னபின், அவர் முகத்தைப் பார்த்து நமக்கே சங்கடமாயிற்று. ஆகவே நம் குற்றத்தையும் சொன்னோம். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு காலத்தில் ஹவுஸ் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கமிட்டியில் அதை மூடிக் குழாய் போடலாம் என்று பேச்சு வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூவுக்கு ஒரு முத்து நீரே போதுமாக்கிக்கொண்டார்கள். முக்கால் லிட்டருக்குள் அடங்கும் அளவு, நம் ஹனஃபி இமாம்களின் கணக்கில் சற்றே கூடும். இது நமக்குத் தெரியும், கிதாபில் பாடம் நடத்தியிருக்கிறோம். இவ்வூர் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறி வருவதும் தெரியும். குழாய் போட்டால் ஓர் ஆளுக்கு எத்தனை முத்து சாக்கடைக்குப் போகும் என்று கேட்க வேண்டிய ஆள் அந்தக் கூட்டத்தில் நாம் ஒருவரே. பெரியவர்கள் பேசுகிறார்கள், சம்பளம் கொடுக்கிற கமிட்டி என்று வாய்மூடி இருந்துவிட்டோம். இன்று குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சட்டைக் கையை மடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் வருகிறது. ஆகவே, சம்பளம் தருகிறவர் முன் நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நமக்குத் தெரியும் தம்பி என்றோம்.

பிறகு வழியைப் பேசினோம். வேலையை உதறிவிட்டு வருவது வீரமாகத் தோன்றும். ஆனால் அப்படி வந்தால் அந்த இருபத்திரண்டு பேருக்கும் உள்ளேயிருந்து சாட்சி சொல்ல ஆளில்லை. முதலில் அவர்களிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். இரண்டாவது, இனிப் பணமில்லாமல் வாக்குறுதி சொல்லமாட்டேன், கையெழுத்தும் வாங்கமாட்டேன் என்று முதலாளியிடம் தனியாக, மரியாதையாகச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, அந்தக் கையெழுத்து பணம் தராமல் வாங்கியது என்று தாமே எழுதிக் கையெழுத்திட்டு வேலையாட்களிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. கடிதம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வாப்பா இல்லாத வீடு. தாயார் தையல் வேலை செய்து படிக்கவைத்த பிள்ளை. நாம் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், சுமக்கிறவர் அவர்.

போகும்போது, "அந்த ஆயத்து?" என்று கேட்டார்.

கஹ்ஃபு சூராவில் துல்கர்னைன் அவர்களின் வரலாற்றை வெள்ளிதோறும் ஓதுகிறீர்களே, இந்த முறை இன்ஜினியராக ஓதிப் பாருங்கள் என்றோம். அது முழுக்கக் கட்டிட வேலை. தடுப்பு கட்டித் தர மக்கள் கூலி தருவதாகச் சொல்ல, என் ரப்பு தந்திருப்பதே எனக்கு மேலானது, நீங்கள் உழைப்பால் துணை செய்யுங்கள் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் செய்து, அவர்களையே ஊதச் செய்து, உருகிய செம்பை வார்க்கிறார். பேச்சு விளங்காத மக்கள் என்று திருமறையே சொல்கிற அந்த ஜனங்களை வேலைக்காரர்களாக வைக்காமல் கட்டுகிறவர்களாக ஆக்கிவிட்டார். முடிந்ததும் இது என் ரப்பின் அருள் என்கிறார். அவன் வாக்களித்த நாள் வந்தால் இதுவும் தூளாகும் என்கிறார். இரண்டு மலைக்கு நடுவே இரும்பால் சுவர் எழுப்பியவரின் வாயில் நான் என்ற பெருமை இல்லை.

சனிக்கிழமை நடந்ததை ஞாயிறு காலை மீண்டும் பெரிய மார்க்கெட்டில் வைத்தே கேட்டோம். வெள்ளியன்றே வேலையாட்களைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஒரு வயதான சித்தாள் அம்மாள் மட்டும் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு தண்ணீர் கொடுத்தாராம். முதலாளி முதலில் கத்தினார். சனிக்கிழமை மாலை இரண்டு வாரக் கூலி வந்தது. கையெழுத்து வாங்கிய அந்த முதல் வாரத்துக்கு மட்டும், அது பட்டுவாடா ஆகிவிட்டது, பதிவேட்டைப் பார் என்று சொல்லிவிட்டார். நற்சான்றுக் கடிதம் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். ஆக, கிடைக்காமல் நிற்பது சரியாக இவர் கைப்பட்ட அந்த ஒரு வாரந்தான்.

விண்ணப்பத்தை வேறு விதமாக எழுதியிருந்தார். ஒரு பக்கம்தான். அந்தப் பதிவேட்டின் கதையை ஒளிக்காமல் எழுதி, கட்டிடம் பசுமையா என்று பார்க்கும் முன் கூலிப் பதிவேட்டைப் பார்ப்பேன், குடியிருக்கப் போகிறவரையும் கல் சுமக்கிறவரையும் கேட்டபின் வரைவேன் என்று முடித்திருந்தார். மேலே ஆயத்து எதுவும் போடவில்லை. கடிதம் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்வார்களா என்பது மாதக் கடைசியில் தெரியும்.

அவர் எழுதிக் கொடுத்த சாட்சிக் காகிதத்தை மேஸ்திரி பத்திரமாக வைத்திருக்கிறாராம். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பின் அந்த ஒரு வாரக் கூலிக்காக அவரும் மேஸ்திரியும் முதலாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். நாமும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். கமிட்டிக் கூட்டத்துக்கும் மறுபடி ஒரு தேதி கேட்டிருக்கிறோம், அந்தக் குழாய்களைப் பற்றிப் பேசுவதற்காக.